கை ஓடினால் பாட்டு வரும்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) 82 வயது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அந்தக் காலத்தில் பிரமாதமாகப் பாடுவார் என்று அத்தைகள் சொல்வார்கள். இறந்துபோன தாத்தா பூவரசு இலையைச் சுருட்டி அதில் பாட்டே வாசிப்பார். கீற்று முடைவதில் கெட்டிக்காரர். போன பொங்கலுக்குப் போனபோது செல்போனை எதிரில் வைத்து, "பாடுங்க அப்பாயி" என்றேன். இரண்டு வரி பாடிவிட்டு, "மறந்துபோச்சு ஆத்தா" என்று நிறுத்திவிட்டார். "நாம கூலிக்கு நடவு நட்டதை ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டணுமா?" என்று அப்பாவுக்குக் கோபம். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடவே கூடாது என்கிறார் அம்மா. என் 9 வயது மகளுக்கு இதில் ஏதாவது மிஞ்ச நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாயிக்குப் பாட்டு மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் போனை நீட்டிக் கேட்டால் யாருக்குமே நடவுப் பாட்டு வராது. அது வேலையோடு பிறந்த பாட்டு. இடது கையில் நாற்று முடி, வலது கை அதைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும், கால் ஓர் எட்டு பின்னால் போகும். அந்த அசைவுதான் அடுத்த அடியை இழுத்து வரும். அதோடு, நடவுப் பாட்டில் ஒருத்தி முன்னால் எடுத்துக் கொடுப்பாள், வரிசையில் நிற்கிற மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவர்கள் வாங்கிப் பாடுகிற நேரத்தில்தான் அவளுக்கு அடுத்த வரி ஞாபகம் வரும். அப்பாயி தனியாக இருந்தார், எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லை. இரண்டு வரியோடு நின்றதில் ஆச்சரியம் இல்லை.

அதனால் பாடச் சொல்லாதீர்கள். கைக்கு வேலை கொடுங்கள். முறத்தில் உளுந்து புடைக்கட்டும், முருங்கைக்கீரை உருவட்டும். உறவில் யாருக்காவது கைக்குழந்தை இருந்தால் தூளியில் போட்டு அப்பாயியை ஆட்டச் சொல்லுங்கள், தாலாட்டை நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவரோடு வயலில் இறங்கிய பெண்களில் யார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒருவர் கிடைத்தாலும் போதும். அழைத்து வந்து வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். முதலில் ஊர்க்கதை ஓடும். ஓடட்டும். "அந்தப் பாட்டு எப்படி எடுப்ப?" என்று அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் நேரம் வரும்.

பாட்டோடு நிறுத்திவிடாமல் தொழில் கணக்கையும் கேளுங்கள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்று ராகமாக இழுத்துவிட்டு 'ரெண்டு' என்று தொடர்வார்கள். ஏற்றம் இறைக்கிறவர்களுக்கு எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கே பாட்டுக்குள் இருந்தது. இதையெல்லாம் யாரும் பாட்டு என்று நினைப்பதில்லை, அதனால் நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். எனக்கு இவைதான் மிகவும் அருமையாகப் படுகின்றன.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கோபத்தைத் தயவுசெய்து சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அதுவும் இதே காவிரிப் பாசன மண்தான். தாயார் அடுத்தவர் வயலில் குனிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாட்டு இனிமையாக மட்டும் கேட்காது. வரப்பில் நின்றவர் போட்ட அதட்டலும் அதோடு சேர்ந்துதான் கேட்கும். நீங்கள் அவருக்கு ஒரு வாக்குக் கொடுங்கள்: அப்பாயி சம்மதிக்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகக்கூட வராது. அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அப்புறம், சின்ன வயதில் வயலுக்குக் கஞ்சி தூக்கிப் போன அனுபவம் இருந்தால் அதை அவரிடமே கேளுங்கள். முன்பாட்டு யார் எடுத்தார்கள், எந்த வயலில், என்ன கூலி என்பதெல்லாம் அப்பாயியைவிட அவருக்குத் தெளிவாக நினைவிருக்கலாம். அந்தப் பெண்கள் நட்டதைத்தான் தஞ்சை ஜில்லா முழுவதும் சாப்பிட்டது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் உங்கள் குடும்பத்தார் அல்ல.

ஒப்பாரியைப் பொறுத்தவரை அம்மா சொல்வதைக் கேளுங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அப்பாயிக்கே மனம் வந்தால் ஆற்றங்கரையிலோ தோப்பிலோ வைத்துப் பாடட்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

"எழுதி வைத்துக்கொண்டால் போதாதா?" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1958-இல் புத்தகமாக வெளியிட்டது. பெரிய தொண்டு அது. ஆனால் பாடியவர்களின் குரல் எப்படி இருந்தது, எந்த இடத்தில் மூச்சு வாங்கினார்கள் என்பதை அச்சில் கேட்க முடியாது. உங்கள் கையில் போன் இருக்கிறது. ஃபேனை நிறுத்துங்கள், அழைப்பு வராதபடி ஃப்ளைட் மோடில் போடுங்கள், ஆரம்பத்தில் தேதியும் ஊரும் சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் பட்டென்று நிறுத்தாதீர்கள், முக்கியமான பேச்சு அதற்கப்புறம்தான் வரும். பிரதிகளை அத்தைகளிடமும் கொடுத்து வையுங்கள்.

மகளுக்கு, உங்கள் தாத்தாவின் வித்தையிலிருந்து தொடங்குங்கள். பூவரசு இலை கொழுந்தாக இருந்தால் துவளும், முற்றினால் ஒடியும். நடுத்தரமாக ஒன்றைப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் விரலால் லேசாக நசுக்கி ஊத வேண்டும். நசுங்கிய இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதால்தான் சத்தம் வருகிறது. மறுமுனையை உள்ளங்கையால் மூடித் திறந்தால் ஒலி வளையும். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற, நாணல் தட்டையில் செய்த சீவாளியும் இதே தத்துவத்தில்தான் பேசுகிறது. மகளுக்கு இது பிடித்துப்போனால் ஒருநாள் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டைக்கு அழைத்துப் போங்கள். அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து துளை போடுவதை நேரில் பார்த்தால், தாத்தா இலையில் வாசித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கே புரியும். கீற்று முடைவதை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். மட்டையைப் பிளந்து, ஊறப் போட்டு, பேத்தியின் கையைப் பிடித்து அவர் சொல்லிக் கொடுக்கட்டும். கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும் என்பது என் நம்பிக்கை.

இன்னொன்று: அடுத்த பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். மேட்டூர் அணையில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தால் குறுவை நடவு, தள்ளிப்போனால் சம்பா நடவு. வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரிந்து உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்ததும் சித்தப்பாவோ அத்தையோ போன் செய்யும்படி சொல்லி வையுங்கள். இப்போது பல இடங்களில் இயந்திர நடவுதான். கை நடவு நடக்கிற வயல் எது என்று முன்கூட்டியே விசாரித்து, ஒரு சனிக்கிழமை அப்பாயியை ஆட்டோவில் வரப்பு வரை கூட்டிப் போங்கள். நடுகிற பெண்களிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கு டீ, பலகாரம் வாங்கிப் போக மறக்க வேண்டாம்.