புதுச்சேரிக்குப் புறப்படுமுன்: வாசகர் கேள்வி – பதில்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கியதும் நம் வட ஆற்காட்டு வாசகர்களின் கடிதங்கள் கடற்கரைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை புதுச்சேரியைப் பற்றியே கேட்பதால், இந்த இதழில் இப்பகுதியை முழுவதும் அந்த ஊருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்கள். இரண்டு பிள்ளைகளுடன் மே மூன்றாம் வாரத்தில், வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பும்படி புதுச்சேரி போக எண்ணியுள்ளோம். இது ஏற்ற காலம்தானா?
– ஆசிரியை, குடியாத்தம்

பதில்: அம்மா, மாதமும் சரியில்லை, கிழமையும் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மே 4 முதல் 28 வரை கத்திரி வெயில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கத்திரி கழிந்தால் கடற்கரை குளிர்ந்துவிடும் என்று பலர் நினைப்பதுதான் தவறு. மே இறுதியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று வலுத்து, கடலிலிருந்து வரவேண்டிய காற்றைப் பிற்பகல் வரை தடுத்து நிறுத்திவிடும் என்பதால், அந்த நாட்களில் கரையோர ஊர்களும் உள்நாட்டைப் போலவே கொதிக்கும். ஆகவே கோடை விடுமுறையில்தான் போகமுடியும் என்றால், பள்ளி மூடிய உடனே, ஏப்ரல் மாதத்திற்குள்ளேயே போய் வந்துவிடுங்கள்.

வார இறுதியில் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து புதுச்சேரியில் வந்து இறங்குகின்றன. அறை வாடகை ஏறும், கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. உங்களுக்கு விடுமுறைக் காலமே கையில் இருக்கும்போது திங்கள் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொள்வதில் என்ன தடை? அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். கோடையை விட்டுவிடலாம் என்றால் ஜனவரியின் பிற்பாதியும் பிப்ரவரியும்தான் அந்த ஊரின் நல்ல நாட்கள். நவம்பரைத் தவிர்த்துவிடுங்கள்: 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

கேள்வி: வேலூரில் 42 டிகிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். புதுச்சேரியில் 36, 37 டிகிரிதான் இருக்கும் என்று செய்தியில் சொல்கிறார்கள். அந்த வெயிலுக்கா இத்தனை எச்சரிக்கை? காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை வரை பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அந்தப் பட்டியலைத் தயவுசெய்து ஒருபுறம் வையுங்கள் ஐயா. மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள்; உண்மையில் அந்த வறட்சிதான் கோடையில் நம்மைக் காப்பாற்றி வருகிறது. வியர்ப்பதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை; வியர்வை காற்றில் உலர்ந்து ஆவியாகும்போதுதான் உடலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பாலாற்றங்கரையின் வறண்ட காற்று அந்த வியர்வையை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் 40 டிகிரியிலும் நாம் கடைவீதிக்குப் போய் வந்துவிடுகிறோம். கடலோரக் காற்றிலோ முன்பே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை உலராமல் வழிந்து சட்டையை நனைக்கிறதே தவிர உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் உடலை விட்டுப் போய்க்கொண்டேயிருக்க, சூடு மட்டும் உள்ளேயே தங்குகிறது. அதனால் வெப்பமானி 36 காட்டும் புதுச்சேரி நடுப்பகல், 40 காட்டும் சத்துவாச்சாரி நடுப்பகலைவிட உடலை அதிகமாக வாட்டக்கூடும். வெயில் பழகியவர்கள் என்ற துணிச்சலோடு போகும் நம்மவர்கள்தான் எளிதில் மயங்கி விழுகிறார்கள்.

இடங்களை வைத்து நாளைப் பிரிக்காமல், வெயிலை வைத்து நாளைப் பிரியுங்கள். கோடையில் அங்கே ஆறு மணிக்கு முன்பே கதிரவன் கடலிலிருந்து எழுந்துவிடுகிறது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை வண்டிகளுக்கு அனுமதியில்லை. விடியற்காலையில் அந்தச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியது. காந்தி சிலை, 1836-இல் கட்டப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் ஆகிய மூன்றையும் அந்த வேளையில் நடந்தே பார்த்துவிடலாம். எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பிறகு மணக்குள விநாயகர் கோயிலும் அதை அடுத்த தெருக்களும் என்று பத்தரை மணியோடு முற்பகலை முடித்துக்கொள்ளுங்கள். பதினொன்று முதல் நான்கு வரை கூரைக்குக் கீழேயே இருக்கவேண்டும்: அருங்காட்சியகம், பாரதியார் வாழ்ந்த வீடு, மதிய உணவு, அதற்குப்பின் ஒரு நல்ல தூக்கம். விடுமுறை நாளில் பகல் தூக்கம் போடுவதை நேர விரயம் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு; கடலோர ஊரில் அது பயணத் திட்டத்தின் ஒரு பகுதி.

நான்கரைக்கு மேல் வெளியே வரலாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நிலம் கடலைவிட விரைவில் சூடாவதால் அதன்மேல் உள்ள காற்று இலேசாகி எழ, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப வருகிறது. சாதாரண நாட்களில் நண்பகலை ஒட்டி இது தொடங்கிவிடும். வெப்பம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் அதற்குச் சற்று முன்புதான். மேலும் புதுச்சேரிக் கடல் கிழக்கே இருக்கிறது. மாலை வெயில் ஊரின் பின்புறமிருந்து விழுவதால் கடற்கரைச் சாலையின் கட்டடங்களே அதற்கு நிழல் தருகின்றன. கடலில் சூரியன் மறைவதைப் படமெடுக்கலாம் என்ற ஆசை மட்டும் அங்கே நிறைவேறாது.

தொப்பி, பருத்தி ஆடை, குடை மூன்றும் போதும். சன்ஸ்கிரீன் பூசுவதானால் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாததாக வாங்கி, வெளியே போகக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் கடலில் நனைந்த பின்பும் மீண்டும் பூசவேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்புப் போட்ட மோரும் இளநீரும் குடியுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய்விடுங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடலை ஈரத் துணியால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஜிப்மர் ஊருக்குள்ளேயே கோரிமேட்டில் இருக்கிறது.

கேள்வி: ஊருக்கு நடுவே உள்ள கடற்கரை முழுவதும் பாறையாக இருக்கிறதாமே? பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே குளிக்கலாம்? எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்.
– தோல் தொழிற்சாலை ஊழியர், இராணிப்பேட்டை

பதில்: அங்கே ஒரு காலத்தில் மணற்கரைதான் இருந்தது. நம் கிழக்குக் கரையோரமாக அலைகள் மணலை ஆண்டு முழுவதும் தள்ளிக்கொண்டு போகின்றன; தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்ந்தாலும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் இறுதியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்ததால் வடக்கே இருந்த கரை கரைந்துபோயிற்று. ஊரைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டவேண்டியதாயிற்று. பிறகு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவத் திட்டு ஒன்று அமைக்கப்பட்ட பின், ஒரு பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்திருக்கிறது. அங்கே உட்காரலாம், கால் நனைக்கலாம். பாறைகளின்மேல் இறங்கிப் படமெடுப்பது வேண்டாம்; பாசி வழுக்கும்.

மணற்கரையில் விளையாட வேண்டுமென்றால், கடலூர் சாலையில் நோணாங்குப்பத்திலுள்ள சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து படகில் பாரடைஸ் கடற்கரைக்குப் போகலாம். படகில் பாதுகாப்பு உடை தரும்போது பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்று கொக்கிகளைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை அளிக்கிறது. கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர்கள் நாம். கிணற்று நீர் நம்மை எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. கடலில் அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர், ஒரு குறுகிய வாய்க்கால் போலத் திரண்டு வேகமாக உள்ளே திரும்பும் இடங்கள் உண்டு. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமே பெரும்பாலும் அந்த இழுவை ஓடும் இடமாக இருக்கும். அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுவதுதான் விபரீதம். இழுவையில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அதன்பின் அலையோடு கரைக்குத் திரும்பவேண்டும். முழங்கால் அளவுக்கு மேல் பிள்ளைகள் போகக்கூடாது. பெரியவர் ஒருவர் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயார் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரையும் அழைத்துச் செல்லலாமா? இரயிலா, பேருந்தா?
– வாசகி, காட்பாடி

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஏற்றமும் படியும் இல்லாத சமதள ஊர் அது. கடற்கரைச் சாலையில் உட்கார இடம் உண்டு. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை என்பதால், வியர்த்துக் கொட்டும் ஊரில் எவ்வளவு நீர் குடிக்கலாம், உப்புச் சேர்க்கலாமா என்பதைப் புறப்படுமுன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை இரயிலில் போய், அங்கே பெரும்பாலும் வேறு இரயில் மாறவேண்டியிருக்கும். மூட்டை முடிச்சுகளோடு நடைமேடை மாறுவது உங்கள் தாயாருக்குச் சிரமம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு விடியற்காலைப் பேருந்தோ வாடகைக் காரோ மேல் என்பது என் கருத்து. தங்குவதற்கு ஸ்ரீ அரவிந்தர் ஆசிரம விருந்தினர் விடுதிகள் தூய்மையானவை, அமைதியானவை. ஆனால் அங்கே புகையும் மதுவும் கூடாது, இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது குறையாகப் படாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: மே மாதத்தில் போனால் புது மீன் கிடைக்குமா? எங்கள் ஊர் பிரியாணியை விட்டுவிட்டுப் போவது மீனுக்காகத்தான்.
– வணிகர், ஆம்பூர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாட்களில் கரையோரமாகச் சென்றுவரும் நாட்டுப்படகுகளின் மீனும் இறாலும் நண்டும்தான் புதிது. அளவு குறைவு, விலை கூடுதல். உணவு விடுதியில் வஞ்சிரம் பெரிய துண்டாகக் கிடைத்தால், தடை இன்னும் தொடங்காத மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கலாம். மீனுக்காகவே போகிறவர் தை, மாசியில் போவது நல்லது.

கேள்வி: திரும்பும்போது நண்பர்களுக்கு இரண்டு புட்டி வாங்கி வரலாமா?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: கூடாது. புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எல்லைச் சோதனைச் சாவடியில் உங்கள் விடுமுறை அன்றோடு முடிந்துவிடும்.

கேள்வி: நான் வரலாற்று மாணவன். நம் பகுதிக்கும் புதுச்சேரிக்கும் தொடர்பு உண்டா? திரும்பும் வழியில் செஞ்சிக் கோட்டையில் ஏறலாமா?
– மாணவர், ஆரணி

பதில்: ஆற்காட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போன குடும்பங்களில் நாம் முதலாவது இல்லை தம்பி. 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் மாண்டபோது, அவருடைய குடும்பத்தார் புதுச்சேரியில்தான் தஞ்சம் புகுந்தனர். அன்றைய பிரெஞ்சு ஆளுநர் துய்மா அவர்களை ஏற்றுக்கொண்டார். உங்கள் ஊருக்குப் பக்கத்து வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்தனர். மறு ஜனவரியில் புதுச்சேரி பணிந்தது. கைப்பற்றிய ஊரை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் மாளிகைகள் எல்லாம், ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் எழுந்தவையே. பாரதியார் 1908 முதல் 1918 வரை அங்கே வாழ முடிந்ததும் ஆங்கிலேயரின் ஆட்சி அந்த எல்லைக்குள் செல்லாததால்தான். பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வெள்ளை நகரத்தோடு நிறுத்திவிடாமல், வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் தாழ்வாரமுமாக உள்ள தமிழர் தெருக்களிலும் நடந்து பாருங்கள்.

செஞ்சி, 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் காலை உணவை முடித்துப் புறப்பட்டால் உச்சி வெயிலில்தான் அங்கே போய்ச் சேருவீர்கள். பாறை சூடேறிய அந்த நேரத்தில் இராஜகிரி ஏறுவது விவேகமாகாது. அடிவாரத்துக் கல்யாண மகாலையும் தானியக் களஞ்சியங்களையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஆரணியிலிருந்து செஞ்சி தொலைவில்லை. மலை ஏறுவதற்கென்று மார்கழியில் ஒரு நாள் காலையில் தனியே போய் வரலாம்.