ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் வாடாத முன்வாசல்

கேள்வி: திருச்சியில் எங்களுக்கு மேற்குப் பார்த்த தனி வீடு. வாடகைக்கு விட்டிருக்கிறோம், நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் 20-க்கு 15 அடி இடம். நான்கு வருடம் முன்பு புல்தரை போட்டோம். இப்போது புல் போய்க் கோரை மண்டிக் கிடக்கிறது. காம்பவுண்டு ஓரமாக ஒரு வேம்பு தானே முளைத்து நிற்கிறது. போர் தண்ணீர் உப்பு. ஆனி கடைசியில் வீடு காலியாகிறது. அடுத்து வருபவர்களுக்கு வேலை வைக்காமல், பார்க்க லட்சணமாக முன்பக்கத்தை எப்படிச் சரிசெய்யலாம்?

பதில்: புல்தரை போனதற்குக் குடியிருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் தண்ணீர், மாதம் இரண்டு முறை வெட்டு, இடையில் களையெடுப்பு. சொந்த வீட்டிலேயே பலருக்கு இது முடிவதில்லை. வாடகை வீட்டு முன்வாசலுக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: சித்திரை வெயிலில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் அது உயிரோடு இருக்குமா? இருக்காது என்றால் அந்தச் செடியை வாங்காதீர்கள்.

முதலில் கோரை. ஆள் விட்டு மண்வெட்டியால் செதுக்கினால் ஒரே நாளில் இடம் சுத்தமாகிவிடும், பத்தே நாளில் பழையபடி பச்சையாகிவிடும். ஒரு கோரையைப் பிடுங்கிப் பாருங்கள். கையோடு வருவது இலையும் கொஞ்சம் வேரும் மட்டும்தான். நூல் மாதிரி ஒரு தண்டு பாதியில் அறுந்து, கீழே கொண்டைக்கடலை அளவுக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதிலிருந்து அடுத்த முளை. அதனால் மண்ணை ஓர் அடி ஆழத்துக்குக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். பதினைந்து நாள் கழித்து, முளைத்ததை மறுபடி கிழங்கோடு எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சுற்றுக்குத்தான் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, ஆனால் வேலையே அதில்தான் இருக்கிறது. மேலே ஜல்லி கொட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். கோரை முளை ஊசி மாதிரி, பாலிதீன் தாளையே துளைத்துக்கொண்டு வரும்.

வேம்பு விரல் தடிமன் இருந்தால் இப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள். வேப்பமரத்தை வெட்ட மனம் வராது, புரிகிறது. ஆனால் சுவரை ஒட்டி நிற்கும் மரம் பருத்தால் காம்பவுண்டு விரிசல் விடும், அப்போது வெட்டவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது.

அடுத்தது தரை. முழுக்க டைல்ஸ் ஒட்டிவிடுங்கள் என்று மேஸ்திரி சொல்வார். மேற்கு வாசலுக்கு அது வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் வாங்கும் சூட்டை அது இரவு வரை வீட்டுக்குள் தள்ளும், மழையில் வழுக்கும். செயற்கைப் புல்லும் இந்த வெயிலில் கால் வைக்க முடியாத சூடாகிவிடும். கேட்டிலிருந்து வாசற்படி வரை 5 அடி அகலத்துக்கு 60 மி.மீ. பேவர் பிளாக் பதியுங்கள். பக்கத்திலேயே இரண்டு டூவீலர் நிற்க 6-க்கு 8 அடி சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு இடம் விடாவிட்டால் அது செடிமேல்தான் ஏறும். படிக்கு முன்னால் மட்டும் நான்கடிச் சதுரத்துக்கு வழவழப்பான சிமெண்ட் தரை விடுங்கள், கோலத்துக்கு. பேவர் பிளாக்கில் ஒவ்வொரு இடுக்கிலும் கோலமாவு இறங்கி இழை அறுந்துபோகும். வீடு பார்க்க வரும் பெண்கள் இதை உடனே கவனிப்பார்கள்.

மீதியில் சுமார் 100 சதுர அடிக்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. இரண்டு இஞ்ச் கனத்துக்கு 17 கன அடி வரும், 20 வாங்கினால் போதும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரிக்காரர் பேச்சைக் கேட்டு அரை யூனிட் இறக்கிவிடாதீர்கள், மிச்சம் தெருவில் கிடக்கும். வெள்ளைக் கூழாங்கல் படத்தில் அழகாக இருக்கும், ஒரு மழைக்காலம் போனால் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

ஜல்லிக்கு அடியில் நெய்த கறுப்புக் களைவிரிப்பு போட வேண்டும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறியிருக்கட்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வீட்டில் செலவு மிச்சம் என்று சாதாரண பாலிதீன் தாளை விரித்தேன். ஐப்பசியின் முதல் பெருமழையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, ஜல்லியையும் தள்ளிக்கொண்டு வாசற்படிக்கே வந்துவிட்டது. மொத்தத்தையும் அள்ளிவிட்டு என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். ஜல்லி சிதறாமலிருக்க ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதையுங்கள். தரை வாட்டம் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக எட்டடிக்கு ஓர் இஞ்சாவது இருக்கட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணை உயர்த்தினால் ஓதமும் கரையானும் வரும்.

இன்னொன்று. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி அங்கேயே எங்காவது மண்மூடிக் கிடக்கலாம். இருந்தால் தூர்வாரி, வாட்டத்தை அதை நோக்கித் திருப்புங்கள். உங்கள் உப்புத் தண்ணீருக்கும் கொஞ்சம் நல்லது.

சரி, செடிகள். நர்சரியில் முதலில் இட்லிப்பூச் செடியைத்தான் காட்டுவார்கள். உங்கள் தண்ணீரில் அதன் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்புச்சத்து மண்ணிலேயே இருந்தாலும் அதனால் எடுக்க முடியாது. செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு விருந்து. அரளி உங்கள் தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாராளமாக வரும், நெடுஞ்சாலை நடுவில் அதை நடுவதே அதற்காகத்தான். ஆனால் செடி முழுக்க விஷம், யார் குழந்தையோடு குடிவருவார்கள் என்று நமக்குத் தெரியாது, அதனால் வேண்டாம்.

காம்பவுண்டு மூலையில் ஒரு காகிதப்பூ வையுங்கள், நடைபாதையிலிருந்து நாலடி தள்ளி, முள் படாமல். தண்ணீர் குறைந்தால்தான் அது நன்றாகவே பூக்கும். சுவர் நிழல் விழும் பக்கம் மருள் வரிசையாக; நர்சரியில் ஸ்நேக் பிளான்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜன்னலை மறைக்காத இடத்தில் இரண்டு நந்தியாவட்டை, ஒரு கறிவேப்பிலை. இந்த இரண்டையும் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். சாமிக்குப் பூவும் ரசத்துக்கு இலையும் கிடைக்கிற செடிக்கு, யாரும் சொல்லாமலே ஒரு வாளித் தண்ணீர் விழும். அரிசி களைந்த தண்ணீரையாவது ஊற்றுவார்கள். முருங்கை மட்டும் வேண்டாம். கம்பளிப்பூச்சி வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான்.

தரை வேலையை ஆடி, ஆவணியில் முடித்துவிட்டு, செடியைப் புரட்டாசியில் நடுங்கள். ஒன்றரை அடிக் குழி, செம்மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். அப்புறம் மார்கழி வரை பெரும்பாலும் மழை பார்த்துக்கொள்ளும். தை முதல் ஆனி வரை வாரம் இரண்டு முறை, தினம் ஒரு குவளையாக இல்லாமல் ஒரே தடவையில் நிறைய. அப்போதுதான் வேர் கீழே இறங்கும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் கவிழ்த்து அடுக்கிவிட்டால் ஈரம் நிற்கும். அந்த ஒரு மாதப் பரீட்சையை முதல் கோடை தாண்டிய பிறகுதான் வைக்க வேண்டும்.

முன்பக்கம் குழாய் இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த பாதி வீடுகளில் செடி காய்ந்ததற்குக் காரணம், பின்பக்கத்திலிருந்து வாளி தூக்க வேண்டியிருந்ததுதான். பேவர் பிளாக் பதிப்பதற்கு முன்பே பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு குழாய் இழுத்துவிடுங்கள். கிளைகளைக் கவாத்து வெட்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் தோட்டக்காரர் வருவார் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் முன்வாசலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி அவரிடமே சொல்லுங்கள், ஜல்லிக்கு நடுவில் கோரை தலைகாட்டுகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.