பிரசவச் செலவும் கம்பெனி இன்ஷூரன்ஸும்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் முன்பு ஒரு டிபிஏவில் (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெயிமைச் சரிபார்க்கும் நிறுவனம்) க்ளெயிம் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன். பாலிசி கையில் இருந்தும் பிரசவத்துக்குக் கைக்காசு எவ்வளவு போகும், எங்கே போகும் என்பதைக் கேளுங்கள். எந்த டாக்டர் நல்லவர், எந்த மாதம் என்ன சாப்பிடலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஓசூரிலிருந்து ஒருவர்: மனைவிக்கு ஏழாம் மாதம் சார். கம்பெனி பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறது. பிரசவத்துக்கும் அந்த 5 லட்சம் வரை எடுத்துக்கொள்ளலாம்தானே?

முடியாது. அந்த 5 லட்சம் நோய்க்கு. பிரசவத்துக்கு அதற்குள்ளேயே தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். சுகப்பிரசவத்துக்கு 50,000, சிசேரியனுக்கு 50,000 அல்லது 75,000 என்பது பல குரூப் பாலிசிகளில் நான் பார்க்கிற தொகை. பெரிய கம்பெனிகளில் லட்சத்தைத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எவ்வளவு என்பதை எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தையாக வேண்டாம். அப்புறம், கணக்குப் போடும்போது சிசேரியன் என்றே வைத்துப் போடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனையில் மட்டும் பார்த்தால் அது 60-ஐத் தாண்டுகிறது. சுகப்பிரசவம் ஆனால் மிச்சம்தானே, சந்தோஷம்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. குழந்தையின் செலவு இந்த 50,000-க்குள் வருமா, வெளியே வருமா? குடும்பத்தைச் சாய்ப்பது பிரசவ பில் அல்ல, குழந்தையின் பில்தான். பிறந்ததும் மூச்சுத் திணறல், குறைமாதம், மஞ்சள் காமாலை என்று என்ஐசியுவில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், வைத்தால் அது தினக்கணக்கில் ஏறும். சில பாலிசியில் 'முதல் நாளிலிருந்தே குழந்தைக்குக் காப்பீடு' என்று இருக்கும், அப்போது அந்த பில் முழு 5 லட்சத்திலிருந்து எடுக்கப்படும். சில பாலிசியில் குழந்தைக்கும் சேர்த்தே அந்த 50,000 தான். இன்னும் சிலவற்றில் முதல் 90 நாள் குழந்தைக்கு ஒன்றுமே கிடையாது. மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் ஒன்பதாம் மாதத்துக்குப் போகாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு அம்மா: மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் பார்க்கிறோம். அந்தக் கார்டு இங்கே செல்லுமா தம்பி?

கார்டு செல்லும்மா, உங்கள் ஊர் மருத்துவமனை அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது ஒப்பந்தம் போட்ட மருத்துவமனைகளின் பட்டியலில், இருக்கிறதா என்பதுதான் விஷயம். மாப்பிள்ளையிடம் சொல்லி டிபிஏ ஆப்பில் பின்கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு விடாமல், மருத்துவமனைக்கும் போன் போட்டு இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் 'இந்த டிபிஏ இப்போது எடுக்கிறீர்களா' என்று கேளுங்கள், பட்டியலில் பெயர் இருந்தும் ஒப்பந்தம் முடிந்துபோன இடங்கள் உண்டு. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராக மருத்துவமனைக்குக் கட்டுவது) கேட்கலாம் என்று 2024 ஜனவரியில் ஒரு வசதி வந்தது. திட்டமிட்ட அட்மிஷன் என்றால் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும். சின்ன ஊர்களில் அந்தச் சம்மதம் அத்தனை சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் முழுக் காசையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கும் வழிக்கும் தயாராக இருங்கள். ஒரிஜினல் பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச்சீட்டு எல்லாம் ஒரே கவரில். ஆஸ்பத்திரி ரசீதை வளைகாப்புப் பையில் போட்டுத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து: மனைவி மூன்று மாதம். கம்பெனி பாலிசி இல்லை. இப்போது சொந்தமாக ஒன்று எடுத்தால் பிரசவத்துக்கு வருமா?

வராது. மகப்பேறு சேர்ந்த சொந்த பாலிசிகளில் காத்திருப்புக் காலம் 9 மாதத்திலிருந்து சில வருடம் வரை இருக்கிறது. சாதாரண பாலிசியில் பிரசவமே விலக்கு. கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கும் அவசரநிலை மட்டும் அந்த விலக்குக்குள் வராது, அதற்குப் பணம் கேட்கலாம், ஆனால் பாலிசி எடுத்த முதல் 30 நாள் முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இனி வழி சேமிப்புதான் சார். சில மருத்துவமனைகளில் பேக்கேஜ் உண்டு, அதில் எது எது சேராது என்று எழுதி வாங்குங்கள். குழந்தை டாக்டர் பிரசவ அறையில் நிற்கும் கட்டணம் பெரும்பாலும் பேக்கேஜுக்கு வெளியே இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து: ஐந்து மாதம், இப்போ பாலிசி எடுத்தா...

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

திருப்பூரிலிருந்து: பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 3,000 வரை. நான் 6,000 ரூபாய் தனியறை எடுத்துவிட்டேன். சிசேரியன், பில் 1,40,000. பிரசவ வரம்பு 50,000. டிபிஏ 25,000 மட்டும் கொடுத்தது. கேட்டால் 'அறை இரண்டு மடங்கு, அதனால் பாதி' என்கிறார்கள். நியாயமா?

நியாயம் இல்லை, கணக்கை அவர்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உதாரணத்துக்கு உங்கள் 1,40,000-ஐ இப்படிப் பிரிப்போம்: 4 நாள் அறை 24,000, டாக்டர், தியேட்டர், மயக்க மருந்து நிபுணர், நர்ஸிங் எல்லாம் 76,000, மருந்தும் பரிசோதனையும் 40,000. தகுதிக்கு மேல் அறை எடுத்தால் விகிதத்தில் வெட்டுவது உண்மைதான். ஆனால் 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட விதிப்படி மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் சாதனம் இவற்றில் அந்த வெட்டு கூடாது. ஆக அறை 12,000, டாக்டர் வகையறா 38,000, மருந்து 40,000 முழுசாக, கூட்டினால் 90,000. இதுதான் ஏற்கத்தக்க தொகை. இதற்குப் பிறகுதான் உச்சவரம்பு வரும். 90,000 என்பது 50,000-க்கு மேல், ஆகவே உங்களுக்கு 50,000 முழுசாக வர வேண்டும். வரம்பையே பாதியாக்குவது என்பது உங்கள் பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய செல்லாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு மெயிலுக்கு இந்தக் கணக்கை வைத்து எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைப்பவர்) போகலாம், கட்டணம் கிடையாது.

ஈரோட்டிலிருந்து ஒருவர் நடுவில்: எனக்கும் இப்படித்தான் வெட்டினார்கள், நான் விட்டுவிட்டேன். பெரிய அறை எடுத்தது நம் தப்புதானே? ஏன் சண்டை?

அண்ணே, பெரிய அறைக்கு உண்டான வாடகை வித்தியாசத்தை நீங்கள் கட்டியாயிற்று. செல்லாத வெட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

கோவையிலிருந்து இன்னொருவர்: இன்ஷூரன்ஸ்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அறை மாறினால் டாக்டர் ஃபீஸ் ஏன் மாறுகிறது? தியேட்டர் ஒன்று, டாக்டர் ஒருவர், தையல் ஒன்று. மருத்துவமனைதான் கொள்ளை.

உங்களோடு பாதி உடன்படுகிறேன், நான் மருத்துவமனைச் சம்பளம் வாங்குபவன் என்றாலும். பல தனியார் மருத்துவமனைகளில் கட்டண அட்டையே அறை வாரியாகத்தான் இருக்கும்: ஜெனரல் வார்டு, இருவர் அறை, தனியறை, டீலக்ஸ். அறை ஏற ஏற டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் கூடவே ஏறும். அதனால்தான் காப்பீட்டுக்காரர்களும் விகித வெட்டு கொண்டுவந்தார்கள். திருப்பூர்க்காரர் 3,000 ரூபாய் அறையிலேயே இருந்திருந்தால் மொத்த பில் 1,05,000 வாக்கில் வந்திருக்கலாம், காப்பீடு அதே 50,000, கைக்காசு 55,000. இப்போது 50,000 முழுசாக வந்தாலும் கைக்காசு 90,000. பிரசவத்தில் அறை ஆசைக்கு நீங்கள் கொடுக்கும் விலை பெரும்பாலும் டிபிஏ வெட்டில் இல்லை, கட்டண அட்டையில் இருக்கிறது.

ஈரோட்டுக்காரர் மறுபடி: அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே ரேட் போடுகிற மருத்துவமனையில் வெட்டவே கூடாதா?

கூடாது. அதே விதியில் அதுவும் இருக்கிறது. அறையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் விகித வெட்டு போடக் கூடாது. 'எங்கள் மருத்துவமனையில் அறை வகையைப் பொறுத்து மற்றக் கட்டணங்கள் மாறுவதில்லை' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கி க்ளெயிமோடு வையுங்கள். நானே இந்தக் கடிதம் பலருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன், நிறுத்திவைத்த பணம் வந்திருக்கிறது. ஐசியு கட்டணத்திலும் விகித வெட்டு கிடையாது. 5,000-க்கு மேல் வாடகை போனால் 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, என்ஐசியுவுக்கு அது இல்லை. சரி, அறை விவகாரம் போதும், பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: நானும் கணவரும் வேறு வேறு கம்பெனி. இரண்டு பாலிசியிலும் மகப்பேறு இருக்கிறது. ஒன்றைத்தான் பயன்படுத்த முடியுமா?

இரண்டையும் பயன்படுத்தலாம், பலர் தெரியாமல் விடுகிறார்கள். முதலில் உங்கள் பாலிசியில் கேஷ்லெஸ் போடுங்கள். அது 50,000 கொடுத்த பிறகு, மிச்ச பில்லுக்குக் கணவரின் பாலிசியில் ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய காசைத் திரும்ப வாங்குவது) போடலாம். முதல் இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் செட்டில்மென்ட் லெட்டர், எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரம், மருத்துவமனை முத்திரையிட்ட பில் நகல்கள் வேண்டும். ஒரிஜினல் முதல் இடத்தில் போய்விடும், அதனால் டிஸ்சார்ஜ் அன்றே நகலுக்கு முத்திரை வாங்கிவிடுங்கள். பில்லை மீறி ஒரு ரூபாயும் வராது. கணவரின் பாலிசியில் மனைவியாக உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள், கல்யாணமான புதிதில் சேர்க்காமல் விட்டவர்கள் ஏராளம்.

வேலூரிலிருந்து: ஏழாம் மாதம் வேலை மாறலாமா?

மாறலாம். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் 9 மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்திருப்பார்கள், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே மெயிலில் கேளுங்கள். பழைய பாலிசி கடைசி வேலை நாளோடு போய்விடும், இடையில் 15 நாள் ஊரில் இருக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

பெயர் போடாத ஒருவர்: நல்ல நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்து சிசேரியன் செய்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

டிபிஏ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு நேரம் குறித்தால் மருத்துவமனை இரவுக் கூடுதல் கட்டணம் போடலாம், அது உங்கள் கைக்காசு. நேரம் குறிக்கலாமா கூடாதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: நாலு மாதம் சார், இப்ப பாலிசி...

சேலம். தயவுசெய்து சேலத்தைப் படியுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: குழந்தை பிறந்து 5 நாள், என்ஐசியுவில் இருக்கிறான். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பாலிசியில் சேர்க்க பிறப்புச் சான்றிதழ் வேண்டுமா?

தம்பி, இதை இப்போதே செய்யுங்கள். பெயர் வேண்டாம், 'பேபி ஆஃப்' போட்டு அம்மா பெயரோடு சேர்ப்பார்கள். மருத்துவமனை தரும் பிறப்புக் குறிப்பு அல்லது டிஸ்சார்ஜ் சம்மரி வைத்து எச்ஆருக்கு இன்றைக்கே மெயில் போடுங்கள். பல கம்பெனிகளில் பிறந்த 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும், சில இடத்தில் இன்னும் குறைவு. நாள் தவறினால் அடுத்த வருடப் புதுப்பிப்பு வரை கதவு மூடிவிடும். பையனுக்குத் தனியாக ப்ரீ-ஆத் (கேஷ்லெஸுக்கான முன் அனுமதிக் கோரிக்கை) அனுப்பச் சொல்லுங்கள், அம்மாவின் க்ளெயிமில் சேர்த்துவிட்டால் 50,000 வரம்பில் மாட்டிக்கொள்ளும். எங்கள் மாதிரி டெஸ்க்கில் இருப்பவர்கள் அவசரத்தில் ஒரே ஃபைலாகப் போட்டுவிடுவது உண்டு, நீங்கள்தான் கேட்டுப் பிரிக்க வைக்க வேண்டும்.

விழுப்புரத்திலிருந்து: தொப்புள்கொடி ஸ்டெம்செல் சேமிப்பு இன்ஷூரன்ஸில் வருமா?

வராது.

தஞ்சையிலிருந்து: இதற்கெல்லாம் அரசு மருத்துவமனைக்கே போய்விடலாமே?

போகலாம், தாராளமாக. தகுதியுள்ள தாய்மார்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 உண்டு, அதில் 14,000 பணம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். விவரம் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

மதுரையிலிருந்து: நேற்று டிஸ்சார்ஜ். காலை பத்து மணிக்கு டாக்டர் போகலாம் என்றார், அப்ரூவல் வர இரவு ஏழாகிவிட்டது. அன்றைய அறை வாடகையும் என் தலையில். அதோடு கேஷ்லெஸ் என்றார்கள், கடைசியில் பில்லில் 7,000 ரூபாய் 'வராது' என்று கட்டச் சொன்னார்கள்.

இரண்டு விஷயம். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் இறுதி அப்ரூவல் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வாங்குவதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும். ஆனால் மருத்துவமனை கோரிக்கையை எத்தனை மணிக்கு அனுப்பியது? காலை பத்துக்கு டாக்டர் சொல்வார், பில் தயாராகி டிபிஏவுக்குப் போக மதியம் மூன்றாகும். டெஸ்க்கில் அனுப்பிய நேரம் தெரியும் மெயிலின் நகலைக் கேட்டு வாங்குங்கள், பழி யார்மேல் என்று அதில் தெரிந்துவிடும்.

அந்த 7,000: காப்பீட்டில் வராத பொருள்கள் என்று 68 அயிட்டங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதல் அயிட்டமே குழந்தை உணவு. டயபர், சானிட்டரி பேட், பிறப்புச் சான்றிதழ் கட்டணம், துணைக்கு இருப்பவருக்கான கட்டணம் எல்லாம் அதில் உண்டு. உங்கள் பில்லின் மருந்துப் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக அதோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஏதாவது வெட்டப்பட்டிருந்தால் அந்த வரியை மட்டும் குறித்து அனுப்புங்கள். பேட், டயபருக்காகச் சண்டை போடாதீர்கள், வராது. அடுத்த முறை அதை வெளிக்கடையில் வாங்கிக்கொண்டு போங்கள், பாதி விலை.

கரூரிலிருந்து: சார் ஆறு மாதம், பாலிசி எடுக்கலாமா?

இன்றைக்கு இவ்வளவுதான். வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்.