வாசகர் கேள்வி பதில்: பச்சோந்திக்கு முன்னால் பூச்சிக்குச் சாப்பாடு போடுங்கள்

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): அண்ணா, பையன் பிறந்தநாளுக்கு வெய்ல்டு என்ற வகைப் பச்சோந்தி வாங்கிக் கொடுத்தோம். ஐந்து மாதக் குட்டி. ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது, நல்ல வெயில் வருகிறது. தினமும் பத்துப் பன்னிரண்டு கிரிக்கெட் பூச்சி தின்கிறது. ஆனாலும் ஒரு வாரமாக முன்னங்கால் வளைந்து, கிளையைப் பிடிக்கத் தடுமாறுகிறது. வாங்கி வரும் பூச்சிகளும் மூன்று நாளில் செத்து வீடே நாறுகிறது. இரண்டையும் வெளியே எறி என்கிறார் மாமியார்.

பதில்: முதல் வேலையாக, ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், பதில் மீதியை அப்புறம் படிக்கலாம். கால் வளைவது எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்ததால். வளைந்தது முழுக்க நிமிராமல் போகலாம், ஆனால் மேலே முற்றாமல் நிறுத்தலாம்.

நன்றாகத்தானே தின்கிறது என்பீர்கள். தின்கிறது, சரி, அந்தப் பூச்சி என்ன தின்றது? கிரிக்கெட் பூச்சி, அதாவது சுவர்க்கோழியின் உடம்பில் இயல்பாகவே பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு, அதையும் கடை டப்பாவில் நாலு நாள் பட்டினி போட்டு அப்படியே கொடுத்தால் அரிசியை எடுத்துவிட்டு உமியை ஆக்கிப் போட்ட மாதிரிதான். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்னாலாவது பூசணி, சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை என்று பூச்சிக்கு வயிறாரப் போடுங்கள். அப்புறம் ஒரு பையில் பூச்சியையும் வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியையும் போட்டுக் குலுக்கி எடுத்துக் கொடுங்கள். டி3 கலந்த பொடி மாதம் இரண்டு தடவை போதும், அது மிஞ்சினாலும் கெடுதல்.

அடுத்தது அந்த வெயில். கால்சியம் உடம்பில் ஒட்ட, வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. வெளிச்சம் வரும், சூடு வரும், அது மட்டும் வராது. வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டி அடுப்பு மாதிரி ஆகிவிடும் என்பது வேறு. காற்றோட்டமான வலைக்கூண்டுக்கு மாற்றி, மேலே யூவிபி குழல் விளக்கு மாட்டுங்கள், வெயில் காய்கிற கிளையில் 30 டிகிரிக்குப் பக்கம் இருந்தால் போதும். குழல் எரிகிறதே என்று வருடக்கணக்கில் விடாதீர்கள், கண்ணுக்கு எரியும், கதிர் போயிருக்கும், வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். லோட்ஷெடிங் மின்வெட்டில் இரண்டு மூன்று மணி நேரம் விளக்கு அணைந்தால் ஒன்றும் ஆகாது, டர்பன் குளிரை அது தாங்கும்.

பூச்சி சாவதற்கும் நாற்றத்துக்கும் காரணம் ஈரம். பெரிய பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் உலோக வலை (பிளாஸ்டிக் வலையைக் கடித்து வந்துவிடும், ஒரு தீபாவளி அன்று என் வீட்டு சாமி அறையில் கச்சேரி கேட்ட அனுபவம் எனக்கு உண்டு), உள்ளே முட்டை அட்டைகளை நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், மூழ்கிச் சாகும், காரட் துண்டு போதும். செத்ததையும் மீந்த காய்கறியையும் தினம் எடுங்கள். மாமியாருக்குச் சத்தம்தான் தொல்லை என்றால் இறக்கை முளைக்காத சின்னப் பூச்சியாக வாங்குங்கள், கத்துவது வளர்ந்த ஆண் மட்டும்தான். தீனிக்காக வளர்க்கும் டூபியா கரப்பான் சத்தமும் போடாது, வழுவழுப்பான சுவரில் ஏறவும் ஏறாது, ஆனால் கரப்பான் என்ற பெயரைச் சொல்லி மாமியாரிடம் அனுமதி வாங்குவது உங்கள் சாமர்த்தியம். தின்னாமல் விட்ட சுவர்க்கோழியைக் கூண்டில் ராத்திரி விடாதீர்கள், தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும்.

கேள்வி (பீனிக்ஸ்): தோட்டத்தில் விரல் நீளத்தில் ஒரு பச்சோந்தி. பிடித்து வளர்க்கலாமா? பக்கத்து வீட்டு சூலு இனத்து அம்மா அதைப் பார்த்தாலே நடுங்குகிறார்.

பதில்: கூடாது. அது இந்த ஊர்க் குள்ளப் பச்சோந்தியாக இருக்கலாம். உள்ளூர்ப் பச்சோந்தியை அனுமதி இல்லாமல் பிடித்து வைப்பது குற்றம், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இதைப் பார்ப்பது எசெம்வெலோ என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு. அந்தச் செடியில் மருந்து அடிக்காமல் விட்டாலே அது தானாகப் பூச்சி பிடித்துக்கொள்ளும். அந்த அம்மாவைக் கிண்டல் செய்யாதீர்கள். மனிதருக்குச் சாவில்லை என்ற சேதியோடு கடவுள் பச்சோந்தியை அனுப்பினார், அது வழியில் பழம் தின்றுகொண்டு ஆடி அசைந்து போவதற்குள் பல்லி ஓடிவந்து சாவு உண்டு என்ற சேதியைச் சொல்லிவிட்டது என்பது சூலுக்களின் பழங்கதை. நம் வீட்டில் பல்லி கத்தினால் பலன் பார்ப்பதில்லையா?

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): என் வெய்ல்டு பச்சோந்தி பெண். ஆணோடு சேர்ந்ததே இல்லை, ஆனால் வயிறு உப்பிக் கூண்டின் தரையைச் சுரண்டுகிறது.

பதில்: முட்டை. ஆண் இல்லாமலும் இடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஒரு அடி ஆழ வாளியில் ஈர மணலை, குழி தோண்டினால் சரியாத அளவுக்கு அழுத்தி, இன்றைக்கே கூண்டுக்குள் வையுங்கள். தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம், பார்த்தால் பாதியில் விட்டுவிடும். இடாமல் கண் குழிந்து, பகலிலும் கண்ணை மூடிக் கிடந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள்.