ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனால் ஆட்கள் நிற்பார்களா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். பெண்கள் உட்பட 34 பேர். நல்ல ஆட்கள் இரண்டு மூன்று மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். பத்து நிமிடம் லேட்டானாலும் அரைநாள் சம்பளம் பிடிப்பது எங்கள் வழக்கம். ‘ஒர்க் கல்ச்சர்’ பயிற்சிக்கு எல்லோரையும் மாமல்லபுரம் ரிசார்ட்டுக்கு அழைத்துப்போகலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கண்ணைக் கட்டி விளையாட விடுவார்கள், பலூன் உடைக்கச் சொல்வார்கள், குரூப் போட்டோ எடுத்து பில்லை நீட்டுவார்கள். திங்கட்கிழமை காலை அதே சூப்பர்வைசர் அதே குரலில் கத்துவார். டூர் போக ஆசையென்றால் டூர் என்றே சொல்லிப் போய்வாருங்கள்.

கோளாறு அரைநாள் சம்பளத்தில் இருக்கிறது. வராத நேரத்துக்கு உரிய கூலியை மட்டுமே பிடிக்கலாம். 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னதும் இதுதான். 2019இல் நிறைவேற்றி, ஆறு வருடம் பரணில் போட்டுவைத்து, 2025 நவம்பரில் நடப்புக்குக் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதும் இதுதான். இதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல எந்த அதிகாரியும் வரமாட்டார். வந்தாலும் ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

‘எட்டு நாள் சம்பளம் வரைகூடப் பிடிக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது’ என்று உங்கள் கன்சல்டன்ட் ஓதக்கூடும். இருக்கிறது. ஆனால் பத்துப் பேராவது தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, தக்க காரணமில்லாமல், முன்னறிவிப்பும் தராமல் வேலைக்கு வராமல் இருந்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு தர வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலும் இருந்திருக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த எட்டு நாள். மழையில் கணேசபுரம் சப்வே நிரம்பி, வியாசர்பாடிப் பக்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் மொத்தமாக லேட்டாக வந்தால் அது பேசிவைத்தது ஆகாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டாலும் அப்படித்தான்.

சரி, தினமும் என்ன செய்வது? காலையில் கொஞ்ச நேரம் ஆட்களோடு நில்லுங்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘சீலிங் மெஷின் நேத்து எத்தனை தடவை நின்னுச்சு?’ என்று கேளுங்கள், விஷயம் வரும். சொன்ன குறையைத் தேதியோடு போர்டில் எழுதி, சரிசெய்ததும் நீங்களே அழியுங்கள். திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள்.

அப்புறம் பெண்கள் கழிவறை. உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது ஒருமுறை அங்கே போய்வரச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உடைந்து, உள்ளே வாளியை அண்டக்கொடுத்து, வெளியே ஒருத்தி காவல் நிற்கிற யூனிட்டுகள் வடசென்னையில் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று முதலாளிகள் என்னிடம் கேட்பது அங்கிருந்துதான். பக்கத்தில் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் ஆட்கள் 1918இல் சங்கம் வைத்தபோது, கூலியோடு சேர்த்துச் சாப்பாட்டு நேரம் போதவில்லை, மரியாதையாக நடத்துவதில்லை என்றும்தான் குமுறினார்கள்.

ஒடிசா, பீகார் பையன்களை ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால், அவர்களுடைய ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். ஏஜென்ட் கையில் இருந்தால் வாங்கிப் பையனிடம் கொடுங்கள். நீங்கள் போடும் சம்பளத்தில் பாதி வழியிலேயே கரைகிறது என்று அர்த்தம். கான்ட்ராக்டர் கூலி தராமல் ஓடிப்போனால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும். நின்றுபோகிறவரின் பாக்கியை 2 வேலைநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அவரை அலையவிட்டால், உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பத்துப் பேர் இருந்தாலே பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். அதற்கு ‘சர்டிபிகேட் வாங்கித்தருகிறேன்’ என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படியொரு சர்டிபிகேட்டைச் சட்டம் கேட்கவே இல்லை. மூத்த பெண் ஊழியர் ஒருவரைத் தலைவராகவும், ஊழியர்களில் இன்னும் இருவரையாவதும் வெளியிலிருந்து விஷயம் தெரிந்த ஒருவரையும் உறுப்பினர்களாகவும் சேர்த்து, நீங்களே எழுத்தில் ஓர் உத்தரவு போட்டுக் குழுவை அமைத்துவிடலாம்.