கோட்டைக் கோயிலும் தொங்கும் தூணும்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காரிமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்ததால், அம்மாவையும் அழைத்துக்கொண்டு வேன் வைத்து ஒரே நாளில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர், அதியமான்கோட்டை காலபைரவர், கடைசியாகத் தருமபுரி கோட்டைக் கோயில் என்று சென்றுவந்தோம். கோட்டைக் கோயிலுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அங்கே தொங்கும் தூணுக்கு அடியில் காகிதத்தை விட்டு இழுப்பதிலும் அதைக் கைப்பேசியில் படம் பிடிப்பதிலுமே பிள்ளைகளின் நேரம் முழுவதும் போயிற்று. "காமாட்சியைப் பார்க்க வந்தோமா, தூணைப் பார்க்க வந்தோமா?" என்று அம்மா கடிந்துகொண்டார்கள். திரும்பும் வழியில் அண்ணன் மகன், "தஞ்சாவூர் மாதிரி பெரிய கோயில் நம்ம ஊர்ல ஏன் இல்லை சித்தப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளைத் தடுத்திருக்க வேண்டுமா? அவர்களுக்கு அங்கே எதைக் காட்டியிருக்க வேண்டும்? அம்மா அரூர் பக்கத்து மலைக்கோயிலான தீர்த்தமலைக்கும் போக வேண்டும் என்கிறார்கள். முழங்கால் வலியால் தயங்குகிறோம்.

வாசகர், காரிமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

தடுத்திருக்க வேண்டியதில்லை. கல்தூணுக்கு அடியில் காகிதம் நுழைந்து வெளியே வருவதைக் கண்டு வியக்காத பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். அந்த வியப்பு ஒரு கேள்வியாக மாறும்வரை அங்கே நிற்க உங்களுக்கு நேரம் இல்லாமல் போனதுதான் குறை. ஓசூரிலிருந்து தருமபுரிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல். இடையில் சாப்பாடு, அதியமான்கோட்டை வரிசை, நடை சாத்தும் நேரம். இப்படி ஒரு நாளில் எந்தக் கோயிலிலும் சாமி கும்பிட்டுத் திரும்பத்தான் முடியும். மூன்று கோயில் பார்த்த கணக்கு வீட்டுக்கு வந்து சேரும், கோயில் வந்து சேராது.

தூணைப் பொறுத்தவரை மாயம் எதுவும் இல்லை. நம் கல்மண்டபங்களில் கூரைப் பலகைக் கற்களின் பளுவை விட்டங்கள் வாங்கி, வரிசையாக நிற்கும் பல தூண்களின் மேல் இறக்குகின்றன. ஆகவே ஒரு தூணின் அடியில் இடைவெளி விழுந்தாலும் அக்கம்பக்கத்துத் தூண்கள் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ள, மண்டபம் அசையாமல் நிற்கிறது. ஆந்திரத்தில் லேபாட்சி வீரபத்திரர் கோயிலிலும் இப்படி ஒரு தூண் உண்டு. அங்கே துணியை விட்டு இழுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் வியப்பு குறையாது.

ஆனால் அவர்கள் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். அதே கோட்டைக் கோயிலில் உள்ள சிவன் சன்னதியான மல்லிகார்ஜுனேஸ்வரர் மண்டபத்தின் விதானத்தில், அதாவது உட்கூரையில், நடுவில் ஆடும் சிவனும் சுற்றிலும் எண்திசைக் காவலர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். திக்பாலகர்கள் எனப்படும் இந்தக் காவலர்களை அவரவர் ஊர்தியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்: யானை என்றால் இந்திரன், கிழக்கு; ஆட்டுக்கடா என்றால் அக்கினி, தென்கிழக்கு; எருமை என்றால் எமன், தெற்கு; மகரம் என்றால் வருணன், மேற்கு. கைப்பேசியில் திசைகாட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேறில்லை. காமாட்சி சன்னதியின் உயர்ந்த அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சிறிய உருவங்கள், நல்ல வெளிச்சத்தில் நெருங்கி நின்றால்தான் புலப்படும், நீங்கள் போன அந்திப் பொழுதில் கண்ணில் பட்டிருக்காது. வலம் வரும் கால்களுக்குக் கதை சொல்லவே அமைத்த வரிசை அது. அம்மாவையே கதை சொல்லச் சொல்லியிருந்தால், காமாட்சியா தூணா என்ற வழக்கே எழுந்திருக்காது.

இனி தஞ்சாவூர். உங்கள் அண்ணன் மகனின் கேள்வி நல்ல கேள்வி. பெரிய கோயிலை எழுப்பிய இராசராசனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரையில், "வேங்கை நாடும் கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும்" என்று அவன் வென்ற நாடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அதில் வரும் நுளம்பபாடிக்கு உரியவர்களான நுளம்பர்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் நம் தகடூரையும், அதாவது இன்றைய தருமபுரியையும், ஆண்டவர்கள். இன்றைய ஆந்திர எல்லையில் உள்ள ஹேமாவதி அவர்களுடைய தலைநகர். கோட்டைக் கோயிலில் அவர்களுடைய கைவேலை இன்றும் தெரிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மகேந்திர நுளம்பன் காலத்தில் வெட்டிய கன்னடக் கல்வெட்டொன்று தகடூரில் சமணப் பள்ளி எழுப்பப்பட்டதைச் சொல்கிறது. பெங்களூரில் கன்னடம் படிக்கும் பிள்ளைக்கு அவனுடைய சித்தப்பா ஊரில் கன்னடக் கல்வெட்டு கிடைத்தது ஒரு செய்தி இல்லையா? தஞ்சையை அடுத்த திருவையாற்றுக் கோயிலில் நுளம்பர் பாணித் தூண்கள் நிற்கின்றன. சோழர்கள் போரில் வென்று கொண்டுபோனவை என்றே கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். தஞ்சைக்காரர்கள் இங்கிருந்த அழகைக் கண்டு ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்று அவனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

அளவில் பெரிய கோயில் இங்கே எழாததற்குக் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. காவிரிச் சமவெளியின் நெல்லும் நீண்டகால ஒற்றை ஆட்சியும் தஞ்சைக்கு வாய்த்தன. நம்முடையது மேட்டு நிலம், எல்லைப்புறம். அதியமானுக்குப் பின் கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் என்று கை மாறிக்கொண்டே இருந்த நாடு. தேவாரப் பாடல் பெற்ற தலம் ஒன்றுகூட தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் இல்லை. அதனாலேயே தல யாத்திரை போகிறவர்களின் பட்டியலில் நாம் வருவதில்லை. எனக்கு இதில் வருத்தம் இல்லை, நெரிசல் குறைவு.

தீர்த்தமலையை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் சிவபூசைக்கு நீர் வேண்டி அம்பெய்தார் என்றும், பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தம் அதுவே என்றும் தலபுராணம் சொல்லும். கோட்டைக் கோயிலில் இராமாயண வரிசையைப் பார்த்துவிட்டு, வேறொரு நாளில் இதற்கென்றே கிளம்பிப் போனால் பிள்ளைகளுக்குக் கதை தொடரும். மாசி மகத்தை ஒட்டிய திருவிழா நாட்களைத் தவிர்த்து, அரூர் வழியாக விடியற்காலையில் போய்ச் சேருங்கள். அம்மாவை மலையேற வற்புறுத்த வேண்டாம்; அடிவாரத்திலும் கோயில் உண்டு, அங்கே நிதானமாகக் கும்பிட்டு உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளைகள் மேலே போய் இராமர் தீர்த்தத்தைப் பாட்டிக்காகப் பாட்டிலில் பிடித்து வரட்டும். வழியில் குரங்குகள் உண்டு. பழப்பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏற வேண்டாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்