ஒருவர் தன்னைத்தானே அழித்துக்கொள்வது நமக்கு ஏன் அழகாகத் தெரிகிறது?

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாவட்டம் பாலக்காடு, வீட்டிலும் கடைத்தெருவிலும் பேச்சு தமிழ். கேரளத்தின் பல ஊர்களுக்குக் கள் போவது எங்கள் சித்தூர் தாலுகாத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சிக்காரர்களும் செக்போஸ்டைத் தாண்டி எங்கள் ஷாப்புகளுக்கு வருவார்கள்.

அந்த பெஞ்சுகளில் ஒன்றில்தான் என் சித்தப்பா பாடுவார். கல்யாணமான மூன்றாம் வருடம் சித்தி இறந்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கிய குடி நிற்கவில்லை. அவர் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். “பெண்டாட்டி மேல் எத்தனை பாசம் இருந்தால் ஒரு மனுஷன் இப்படி ஆவான்!” என்று ஊரே உருகியது. பத்தொன்பது வயதில் நானும் உருகினேன். காதல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன்.

அவருடைய அக்கா, என் அத்தை, மாமாவை இழந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனார். இரண்டு பிள்ளைகள், வேறு வழியில்லை. அவரைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள்.

கேள்விக்கு என் பதில் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. துக்கம் எவ்வளவு என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. அதனால் எவர் எவ்வளவு கெட்டுப்போனார் என்பதை வைத்து அளக்கிறோம். உலை வைத்துவிட்டு வேலைக்குப் போனவர் மறந்துவிட்டார் என்று முடிவுகட்டுகிறோம். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

மலையாளக் கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை காதல் கைகூடாமல் 1936-இல், 27 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரத்தை நண்பர் சங்ஙம்புழா அதே ஆண்டில் ‘ரமணன்’ என்ற காவியமாக்கினார். நண்பனை இழந்தவரின் அழுகை அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வகுப்பில் ஆசிரியர் அதைப் பாடிக் காட்டியபோது, இறந்தவரும் நல்ல கவிஞராயிற்றே, இன்னும் முப்பது வருடம் இருந்திருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோகத்தின் இனிமையிலேயே மயங்கிக் கிடந்தோம்.

சித்தப்பாவின் கடைசி ஐந்து மாதங்களில் ஷாப்பிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நிற்கும். வயிற்றில் கோத்த நீரை ஊசி குத்தி லிட்டர் கணக்கில் எடுப்பார்கள். சில நாட்களில் மறுபடியும் வயிறு உப்பிவிடும். ஈரல் செயலிழந்தால், அது வடிகட்ட வேண்டிய நஞ்சு ரத்தத்தோடு மூளைக்கும் போகிறது. பகல் எது இரவு எது என்று தெரியாமல் போனது. பாட்டும் போனது.

ஒருநாள் காலை அத்தை அவருக்கு வேட்டி மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா சுவரில் மாட்டியிருந்த சித்தியின் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, “அது யார் அக்கா?” என்று கேட்டார்.

“உன் சம்சாரம், சாமி” என்றார் அத்தை. அழுக்கு வேட்டியை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார்.